ரோம் போக ஏப்ரலில் சொன்னால் எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கான பயணச் சிறப்புப் பக்கங்கள் நம் நாளிதழ்களில் பெரும்பாலும் ஏப்ரல் கடைசியில்தான் வருகின்றன. கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் அது போதும். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். ஆனால் அதே பக்கத்தில் ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்தின் படத்தைப் போட்டு, இந்தக் கோடையில் ரோமுக்குப் போய் வாருங்கள் என்று எழுதும்போதுதான் சிக்கல். ஏப்ரல் 25-இல் அதைப் படித்து ஆசைப்படும் குடும்பம் மே மாதத்தில் ரோமில் இருக்க முடியாது. விசா கைக்கு வருவதற்குள் பள்ளி திறந்துவிடும். எதைப் பார்ப்பது என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். எந்தத் தேதியில் எதைச் செய்யாவிட்டால் எது கைவிட்டுப் போகும் என்று எழுதுவோர் குறைவு. நான்கு இரவு தங்கி ரோமை மட்டும் பார்க்க நினைப்பவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் நான்கு இரவு? பத்து நாளில் ஏழு நாடு என்று விளம்பரம் வரும் தொகுப்புப் பயணங்களில் ரோமுக்குக் கிடைப்பது ஒரு பகல். கொலோசியத்துக்கு வெளியே ஒரு படம், திரெவி நீரூற்றில் ஒரு காசு, வாடிகன் சதுக்கத்தில் ஒரு மணி நேரம், பிறகு பஸ். தனியாகப் போய்ச் சமாளிக்க முடியாத பெரியவர்களுக்கு அது வசதிதான், குறை சொல்லவில்லை. தனியாகத் திட்டமிடுகிறவர்களும் அதையே நகலெடுத்து, ரோமில் இரண்டு இரவு, புளோரன்சில் ஒன்று, வெனிசில் ஒன்று என்று போடுவதுதான் எனக்குப் புரிவதில்லை. பெட்டியை உருட்டுவதிலும் அறை காலி செய்வதிலும் பாதிப் பயணம் போய்விடும். நான்கு இரவு என்றால் வந்து சேரும் நாளின் மாலையும் மூன்று முழுப் பகலும் கிடைக்கும். ரோமின் முக்கிய இடங்களுக்கு அது சரியாக இருக்கும்.

மாதம் எது என்பதில் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் விடுமுறையில் விழும் மே மாதம்தான் ரோமுக்கும் நல்ல மாதம். பகல் வெப்பம் சராசரியாக 23, 24 டிகிரி. ஜூனில் 28-ஐத் தொடும். ஜூலை, ஆகஸ்டில் சராசரியே 31, 32. வெப்ப அலை வந்தால் 38-ஐயும் தாண்டும். “நாம் பார்க்காத வெயிலா” என்று சென்னைக்காரர்களும் வேலூர்க்காரர்களும் சொல்வது வழக்கம். வெயிலைப் பார்த்திருக்கிறோம், சரி. அந்த வெயிலில் நிழலே இல்லாத கல் தரையில் நாளுக்கு 12, 15 கிலோமீட்டர் நடந்திருக்கிறோமா? ரோமில் அப்படித்தான் நடக்க வேண்டியிருக்கும். ஜூன் கடைசியில் சூரியன் மறையவே இரவு 8.50 ஆகிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி விசா. இத்தாலிக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். விதிப்படி 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். கூடுதல் ஆய்வு தேவை என்றால் 45 நாள்வரை இழுக்கலாம். இந்தக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது, விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதற்கே ஆகும் காலம். கோடை நெருங்க நெருங்க அது வாரக்கணக்கில் தள்ளிப் போகும். மே நடுவில் விமானம் ஏறுகிறவர் பிப்ரவரிக்குள் காகிதங்களைக் கொடுத்துவிட்டால்தான் நிம்மதி. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முடிந்து 12 நிறையாத பிள்ளைகளுக்கு 45, அதற்கும் சிறியவர்களுக்கு இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும்; திரும்பும் நாளுக்குப் பிறகு 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும்; இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும்.

விசா மறுக்கப்படும்போது பெரிய காரணம் ஏதோ இருக்கும் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சின்னச் சின்ன ஓட்டைகள்தான். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஷெங்கன் நாடுகள் முழுமைக்கும், தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் புறப்படும் விமானத்தில் திரும்புகிறவர்கள் காப்பீட்டை முந்தைய நாளோடு முடித்துவிடுவார்கள். அங்கே ஒரு நாள் குறையும். ஹோட்டல் தேதியும் விமானத் தேதியும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். இந்தியாவில் இருந்து கிளம்பும் தேதியை ரோமில் இறங்கும் தேதியாகப் போடுவதால் வரும் வினை அது. விண்ணப்பிக்கும் வாரத்தில் யாரிடமோ வாங்கி வங்கிக் கணக்கில் மொத்தமாகப் பணம் போடுவது இன்னொன்று. அதிகாரி பார்ப்பது மாதாமாதம் வருகிற வரவு. திடீரென்று குதித்த இருப்புத் தொகை சந்தேகத்தைத்தான் கிளப்பும். வேறு நாட்டையும் சேர்த்துப் போகிறவர்கள் எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. ரோமில் நான்கு, பாரிஸில் ஐந்து என்று வைத்துக்கொண்டு இத்தாலியிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். விமானச் சீட்டுக்கு முழுப் பணம் கட்டத் தேவையில்லை, முன்பதிவுக் காகிதம் போதும். ஹோட்டலையும் பணம் பிடிக்காமல் ரத்து செய்யக்கூடியதாகப் பாருங்கள்.

விசாவை முன்னதாக வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் கொலோசியம். அதன் டிக்கெட் நுழையும் நாளுக்கு 30 நாள் முன்புதான் விற்பனைக்கு வரும். வாடிகன் அருங்காட்சியகத்துக்கு 60 நாள். இந்த இரண்டு தேதிகளையும் நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டு, அன்று காலையே கணினி முன் உட்கார வேண்டும். கோடையில் ரோம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. கொலோசியத்தின் சாதாரண டிக்கெட் 18 யூரோ. பக்கத்திலேயே உள்ள, பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரமும் அரண்மனைகள் இருந்த பாலடைன் குன்றும் அதிலேயே அடங்கும், 24 மணி நேரம் செல்லும். தரைக்கு அடியில் மிருகங்களையும் வீரர்களையும் நிறுத்தி வைத்த பாதாள அறைகளைப் பார்க்க வேண்டுமானால் 24 யூரோ டிக்கெட். முதலில் தீர்ந்துபோவது அதுதான்.

டிக்கெட் எங்கே வாங்குவது என்பதில் கவனம் வேண்டும். தேடுபொறியில் மேலே வருவதெல்லாம் விளம்பரம். 18 யூரோ டிக்கெட்டோடு ஒரு வழிகாட்டியைச் சேர்த்து, வரிசையில் நிற்க வேண்டாம் என்று சொல்லி, மூன்று மடங்கு விலைக்கு விற்பார்கள். பாதுகாப்புச் சோதனை வரிசையை யாரும் தாண்ட முடியாது. அதிகாரப்பூர்வத் தளத்தில் டிக்கெட் கிடைக்காமல் போவதற்குப் பின்னால் பெரிய கதையே இருக்கிறது. தானியங்கி மென்பொருள்களை வைத்து மொத்தமாக டிக்கெட்டுகளை அள்ளியது, சுற்றுலாவோடு சேர்த்தே விற்றது ஆகியவற்றுக்காக, டிக்கெட் விற்ற அமைப்புக்கும் சில சுற்றுலா நிறுவனங்களுக்கும் இத்தாலியின் போட்டிக் கண்காணிப்பு ஆணையம் 2025 ஏப்ரலில் ஏறக்குறைய 2 கோடி யூரோ அபராதம் போட்டது. டிக்கெட்டில் பெயர் அச்சிடுவதும், வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிடுவதும் 2023 அக்டோபரில் வந்த வழக்கம்.

அந்தப் பெயர்தான் தமிழர்களுக்கு இடறும் இடம். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். சிலருக்கு அப்பா பெயர் அங்கே போயிருக்கும். வேறு சிலருக்கு முதலெழுத்து மட்டும். இணையப் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் விடாது. பாஸ்போர்ட்டில் என்ன எழுத்தோ அதை அப்படியே எழுதுங்கள். ‘எஸ்’ என்று இருந்தால் அதைச் சுப்பிரமணியன் என்று நீங்களாக விரிக்க வேண்டாம். ஒரே பெயர்தான் என்றால் இரண்டு கட்டத்திலும் அதையே போடுங்கள். விமானச் சீட்டு, விசா, ஹோட்டல், கொலோசியம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். அன்று பாஸ்போர்ட்டைக் கையில் கொண்டுபோக மறக்காதீர்கள்.

போர்கீஸே கலைக் காட்சியகம் மூன்றாவது முன்பதிவு. முன்பதிவு இல்லாமல் நுழைய முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தொகுதியாக ஆட்களை விட்டு, நேரம் முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். திங்கள் விடுமுறை. தொகுதி தொகுதியாக விடுவதாலேயே அங்கே கூட்டம் இடிக்காது. ரோமில் ஒரே ஒரு காட்சியகத்துக்குத்தான் நேரம் என்றால் வாடிகனை விட்டுவிட்டு இதற்குப் போகச் சொல்வேன். என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் நிறைய இருப்பார்கள். இத்தாலியச் சிற்பி பெர்னினி 1622-க்கும் 1625-க்கும் இடையில் செதுக்கிய, கிரேக்கப் புராணத்தின் அப்பல்லோ-டாஃப்னே சிலையை அங்கே சுற்றி வந்து பார்க்க வேண்டும். துரத்துகிற அப்பல்லோவின் கை பட்ட கணத்தில் டாஃப்னே மரமாகிறாள். பின்பக்கம் நின்றால் ஓடுகிறவன் முதுகு மட்டும் தெரியும். நகர நகர அவள் விரல் நுனியில் இலை முளைக்கிறது, கால் விரல்கள் வேராக இறங்குகின்றன. அந்த இலைகளின் மெல்லிய ஓரத்தில் சலவைக்கல் ஒளியை உள்ளே விடும்.

இந்த மூன்று முன்பதிவுகளையும் தனித்தனிக் காலையில், முடிந்தவரை முதல் நேரத்துக்கு வைத்தால் மூன்று நாளுக்கும் முதுகெலும்பு வந்துவிடும். மற்றதெல்லாம் அதைச் சுற்றித் தானாக அமையும். காலை 8-க்குள் வாசலில் நிற்பது, 12.30-க்கு வெயிலை விட்டு விலகுவது, சாப்பிட்டு அறையில் படுப்பது, 5 மணிக்கு மேல் மறுபடி கிளம்பி இரவு 11 வரை நடப்பது. மதியத் தூக்கத்துக்கு யாரும் வெட்கப்பட வேண்டாம். கிறிஸ்தவக் கோயில்கள் பலவும் 12.30-க்குச் சாத்தி 3.30, 4 மணிக்குத்தான் திறக்கின்றன. மதியம் ஊர் சுற்றுகிறவர்கள் பூட்டிய கதவுகளைத்தான் பார்ப்பார்கள்.

கொலோசியம் கி.பி. 72 வாக்கில் பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் தொடங்கி 80-இல் பேரரசர் டைட்டஸ் காலத்தில் திறக்கப்பட்டது. உள்ளே பார்க்க ஒன்றரை மணி நேரம் போதும். முடிந்ததும் ஃபோரத்துக்குள் நேரே இறங்காமல் பாலடைன் குன்றுக்கு முதலில் ஏறுங்கள். மேலே தோட்டமும் மரங்களும் உண்டு. ஃபோரத்தின் வரைபடம் போல முழுப் பள்ளத்தாக்கும் அங்கிருந்து தெரியும். பிறகு கீழே இறங்கி, நடந்து கடந்து, காபிடோல் குன்றின் பக்கம் வெளியேறலாம். ஃபோரத்துக்குள் நிழல் மிகக் குறைவு, கல் பாவிய பாதை வழுக்கும். 11.30-க்குமேல் அங்கே நிற்காதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அனுமதி இலவசம். முன்பதிவு கிடையாது, வரிசை மட்டும் உண்டு. பணம் மிச்சமாகும் என்று அந்த நாளைத் தேர்ந்தெடுப்பவர்கள் வெயிலில் அதற்கு விலை கொடுப்பார்கள்.

வாடிகனில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுண்டு. புனித பேதுரு சதுக்கத்தில் போய் நின்றுகொண்டு அருங்காட்சியகம் எங்கே என்று தேடுவது. அதன் வாசல் மதிலைச் சுற்றிப் பின்பக்கம். சதுக்கத்திலிருந்து 15 நிமிடமாவது நடக்க வேண்டும். டிக்கெட்டில் 8 மணி என்றிருக்க, 8 மணிக்குச் சதுக்கத்தில் இருப்பார்கள். மெட்ரோவில் வருகிறவர்கள் ஓட்டவியானோ நிலையத்தில் இறங்கி நேரே மதிலை நோக்கி நடந்தால் போதும். டிக்கெட் 20 யூரோ, இணையப் பதிவுக்கு 5 கூடுதல். ஞாயிறு விடுமுறை, மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலை 9 முதல் 2 வரை இலவசமாகத் திறக்கிறார்கள், 12.30-க்கு மேல் உள்ளே விடுவதில்லை. மே 1, ஜூன் 29, ஆகஸ்ட் 15 போன்ற திருநாள்களிலும் மூடியிருக்கும். புதன் காலையில் போப்பின் பொதுச் சந்திப்பு நடந்தால் சதுக்கம் நிறைந்துவிடும். சதுக்கத்தில் உள்ள புனித பேதுரு பேராலயத்துக்குள் அன்று மதியம்வரை போக முடியாது. எனவே பேராலயத்துக்குப் புதன் வேண்டாம். வேறு நாளில் காலை 7 மணிக்குப் போனால் நுழைவு இலவசம், சோதனை வரிசையும் குறைவு.

வாடிகன் அருங்காட்சியகத்தோடு சேர்ந்த சிஸ்டைன் சிற்றாலயத்தின் கூரையை மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார். பலிபீடச் சுவரில் உள்ள இறுதித் தீர்ப்பு 1536-இல் தொடங்கி 1541-இல் முடிந்தது. அருங்காட்சியகத்தின் நீண்ட தாழ்வாரங்களைக் கடந்து களைத்துப்போய்த்தான் எல்லோரும் அங்கே வந்து சேர்கிறார்கள். படம் எடுக்கக் கூடாது, பேசக் கூடாது. சுவரோரப் பலகையில் இடம் கிடைக்கும்வரை காத்திருந்து உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். நின்றால் பத்து நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். உடையைப் பொறுத்தவரை தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவைக்கும் சல்வாருக்கும் தடை இல்லை. அரைக்கால் சட்டையில் வந்த அப்பாக்களும் பையன்களும்தான் வாசலில் மாட்டிக்கொள்கிறார்கள். கையில்லாத மேல்சட்டை என்றால் ஒரு துப்பட்டா பையில் இருக்கட்டும்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு 2023 ஜூலையில் 5 யூரோ கட்டணம் வந்தது, 18 வயதுக்குள் இலவசம். கூரையின் நடுவில் மூடாத வட்டத் துளை. மழை பெய்தால் உள்ளேயே விழும், தரையில் உள்ள சிறு துளைகள் வழியே வடிந்துவிடும். தரையிலிருந்து துளைக்கு உள்ள உயரமும் கூரையின் விட்டமும் ஒன்றே, ஏறத்தாழ 43 மீட்டர். நடுப்பகலில் வெளியே தகிக்கும்போது போக ஏற்ற இடம் இது. திரெவி நீரூற்றின் விளிம்புவரை இறங்க வெளியூர்க்காரர்களுக்கு 2026 பிப்ரவரி முதல் பகல் நேரத்தில் 2 யூரோ கட்டணம். மேலே சதுக்கத்தில் நின்று பார்க்கக் காசு இல்லை. இரவு 10-க்கு மேல் போனால் கட்டணமும் இல்லை, கூட்டமும் பாதி. ஸ்பானியப் படிக்கட்டில் உட்காரக் கூடாது என்று 2019-இலேயே விதி வந்துவிட்டது. விசில் ஊதி எழுப்புவார்கள், மீறினால் அபராதம்.

காசே கொடுக்காமல் பார்க்கக் கிடைப்பவை ரோமின் கோயில்கள். சான் லூயிஜி தேய் பிரான்சேஸி கோயிலில் ஓவியர் காரவாஜியோவின் மூன்று புனித மத்தேயு ஓவியங்கள் இடப்பக்கக் கடைசி சிற்றறையில் இருட்டில் தொங்குகின்றன. ஓரத்தில் ஒரு சிறு பெட்டி. அதில் ஒரு நாணயம் போட்டால் விளக்கு எரியும், சற்று நேரத்தில் அணைந்துவிடும். அடுத்தவர் போடுவாரா என்று எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சில்லறையை அதற்கென்றே சேர்த்து வையுங்கள்.

இயேசு சபையின் தாய்க்கோயிலான ‘ஜெசு’வைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகள் எழுதாதது வியப்பாக இருக்கிறது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் நடந்து திரிந்த புனித சவேரியாரின் வலக்கை அங்கேதான் இருக்கிறது. உடல் கோவாவில், அந்தக் கை 1614-இல் அங்கிருந்து எடுத்து ரோமுக்குக் கொண்டுபோகப்பட்டது. உள்ளே நுழைந்தால் வலப்பக்கப் பலிபீடத்தின் மேல் அதற்கான பேழை தெரியும். எதிர்ப்பக்கம் இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் பலிபீடம். அங்கே மாலை 5.30-க்கு இசையோடு பெரிய ஓவியம் மெல்லக் கீழே இறங்கி மறைய, பின்னால் விளக்கொளியில் அவருடைய வெள்ளிநிறச் சிலை வெளிப்படும். நாடகத் திரை விலகுவது போலத்தான். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் செய்த ஏற்பாடு. 5.15-க்கு உள்ளே உட்கார்ந்துவிட்டால் நல்லது. தூத்துக்குடி, மணப்பாடு பக்கத்துக்காரர்கள் தவற விடக் கூடாது.

தங்குமிடத்துக்கு வருவோம். தெர்மினி ரயில் நிலையத்தைச் சுற்றி விலை குறைவு, ஏ, பி மெட்ரோத் தடங்கள் அங்கேதான் சந்திக்கின்றன, அழகை எதிர்பார்க்காதீர்கள். அருகில் எஸ்குவிலினோ சந்தையில் வங்கதேச, இந்தியக் கடைகள் உண்டு. பச்சைமிளகாய், வெண்டைக்காய், அரிசி எல்லாம் கிடைக்கும். மோன்தி என்ற பகுதி அழகும் வசதியும் கலந்தது. வாடிகன் பக்கம் பிராத்தி அமைதி. ஆற்றின் அக்கரையில் உள்ள திராஸ்தேவேரேயில் இரவு இரைச்சல், மெட்ரோவும் இல்லை. எங்கே என்றாலும் முன்பதிவில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: ஏ.சி., லிஃப்ட். பழைய கட்டடங்களில் இரண்டுமே இல்லாத அறைகள் உண்டு, நான்காவது மாடிக்கு 23 கிலோ பெட்டியைத் தூக்க வேண்டிவரும். நகர வரி ஒன்று ஆளுக்கு, இரவுக்கு, விடுதியின் தரத்தைப் பொறுத்து ஏறக்குறைய 4 முதல் 10 யூரோவரை தனியாக வாங்குவார்கள். 10 வயதுக்குள் இல்லை. நால்வர் குடும்பத்துக்கு நான்கு இரவில் இது நூறு யூரோவைக்கூடத் தொடும். பதிவில் காட்டிய விலையில் பெரும்பாலும் அது சேர்ந்திருக்காது. வீடு எடுத்துத் தங்குகிறவர்கள் இரவு 11-க்கு வந்து சேர்வதாக இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வந்து சேரும் விருந்தினரின் முகத்தைப் பாஸ்போர்ட்டோடு சரிபார்க்கும் கடமை வீட்டுக்காரருக்கு உண்டு. நள்ளிரவுக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள்.

பியுமிசினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு நேர் ரயில் 32 நிமிடம், 14 யூரோ. 8 யூரோ ரயில் ஒன்றும் உண்டு. அது திராஸ்தேவேரே, ஒஸ்தியென்ஸே வழியாகப் போகும், தெர்மினிக்கு வராது. மலிவு என்று ஏறிவிட்டுத் தெர்மினி எப்போது வரும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. காகித டிக்கெட் என்றால் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திவிட்டுத்தான் ஏற வேண்டும், மறந்தால் அபராதம். விமான நிலையத்திலிருந்து ரோமின் பழைய நகர மதிலுக்குள் எங்கே போனாலும் வெள்ளை டாக்ஸிக்கு நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ, பெட்டிகளுக்கும் சேர்த்து. நான்கு பேர் தனித்தனி டிக்கெட் வாங்கினால் நேர் ரயிலுக்கு 56 ஆகும், டாக்ஸியே மேல்.

நகரத்துக்குள் 1.50 யூரோ டிக்கெட் 100 நிமிடம் செல்லும். மெட்ரோவில் ஒரு முறை, பஸ்ஸில் எத்தனை முறையும். வங்கி அட்டையைத் தட்டியும் நுழையலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஊரிலேயே வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொடாமல் செலுத்தும் வசதியையும் தனித்தனியாகத் திறந்துவைக்காவிட்டால் வாசல் கதவு திறக்காது. கடையில் இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கை வைத்துவிடுவார்கள். தெர்மினியிலிருந்து வாடிகன் போகும் 64-ஆம் எண் பஸ்ஸும் தெர்மினி மெட்ரோ நடைமேடையும் ஜேப்படிக்குப் பேர்போனவை. கதவு மூடும் நொடியில் கூட்டமாக நெருக்குவார்கள், பை முன்னால் இருக்கட்டும். போக்குவரத்து வேலைநிறுத்தம் பெரும்பாலும் முன்கூட்டியே அறிவிக்கப்படும், வெள்ளிக்கிழமைகளில் அதிகம். அன்றும் காலை 8.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் வண்டிகள் ஓடும்.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் மூன்று இடத்தில் ஏமாறுவார்கள். கோடையில் எங்கும் வறுத்துத் தரும் பூசணிப்பூவைப் பார்த்ததும் நம் ஊர் பஜ்ஜி நினைவு வரும். உள்ளே பாலாடைக்கட்டியோடு நெத்திலி வைத்திருப்பார்கள். ‘சுப்ளி’ என்ற அரிசி உருண்டையில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும். காய்கறி சூப் இறைச்சி வேகவைத்த நீரில் செய்ததாக இருக்கலாம். “சென்சா கார்னே, சென்சா பெஷே” என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். மீன் வேண்டாம் என்று தனியாகச் சொல்லாவிட்டால் நெத்திலி வரும். ‘மரினாரா’ பீட்சா தக்காளி, பூண்டு, எண்ணெய் மட்டும். பெயரில் கடல் இருக்கிறதே தவிர மீன் கிடையாது. காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. இரவு உணவு 7.30-க்குமுன் நல்ல கடைகளில் கிடைக்காது.

தண்ணீருக்கு மட்டும் காசு செலவழிக்கவே வேண்டாம். தெரு மூலைகளில் இடுப்பளவு வார்ப்பிரும்புக் குழாய்கள், ஊர் முழுக்க ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. 1870-களில் தொடங்கிய ஏற்பாடு. வளைந்த மூக்கு போலிருப்பதால் ‘நாசோனே’, பெருமூக்கு, என்று பெயர். இரவும் பகலும் குளிர்ந்த நல்ல நீர் ஓடிக்கொண்டே இருக்கும். குனிந்து வாய் வைக்கத் தேவையில்லை: மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் வில்லாக எழும்பும். முதல் முறை கொஞ்சம் முகத்தில் அடிக்கும். பிள்ளைகளுக்குக் கொலோசியத்தைவிட இது பிடித்துப்போனாலும் ஆச்சரியமில்லை.

ஆகஸ்ட் தவிர வேறு மாதம் முடியாது என்பவர்கள், 15-ஆம் தேதி ‘பெர்ரகோஸ்தோ’ விடுமுறையைச் சுற்றிக் குடும்பங்கள் நடத்தும் நல்ல சாப்பாட்டுக் கடைகள் இரண்டு வாரம் மூடிக் கிடக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மூன்று நாளில் ஒரு மாலை மிச்சமானால் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயிக்கு ஓடாதீர்கள். ஒஸ்தியா அந்திகா போதும். பிரமிதே நிலையத்தில் மெட்ரோவை விட்டு இறங்கி, ஒட்டியிருக்கும் நிலையத்தில் கடலோர ரயில் ஏறினால் சுமார் அரை மணி நேரம். பழைய ரோமாபுரியின் துறைமுக ஊர், பைன் மர நிழலோடு, கூட்டமில்லாமல். திங்கள் விடுமுறை.

இவ்வளவையும் ஒரு முழுப் பக்கத்தில் போட இடமிருக்காது என்பது தெரியும். ஒரு சிறு கட்டம் போதும்: விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டிய மாதம், வாடிகனுக்கு 60 நாள், கொலோசியத்துக்கு 30 நாள். அது பிப்ரவரி முதல் வாரத்தில் வர வேண்டும். ஏப்ரல் பக்கத்தில் கொடைக்கானல் படத்தையே போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி